வெட்டாமல் விட்ட கயிறு

என் ஏப்ரன் பையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. தையல்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கத்தரி இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஓவிய வகுப்புக்குக் கொண்டு போகிற அளவுதான். கைப்பிடி ஒரு காலத்தில் பச்சை. அன்னாசிச் சாறு பட்டுப் பட்டு, இப்போது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் உடைந்து, துணி சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அந்தப் பிளாஸ்திரியை ஒட்டியது நான் இல்லை, சூப்பர்வைசர் அக்கா. ஆறு வருடமாக இதைச் சுமக்கிறவள் நான்தான். ஆனால் இது என் கத்தரி என்று சொல்ல ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

பெக்கான் நானாஸ் பக்கம் பிறந்தவர்களுக்கு அன்னாசியைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் பழத்தை டின்னில் அடைக்கிறோம். தோல் சீவி, நடுத்தண்டு எடுத்த பழம் வரிசையாக வரும். அதை வளையம் வளையமாக நறுக்கும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் என்று நிற்போம். இயந்திரத்துக்கு மேலே ஒரு மூடி. மூடியைத் திறந்தால் கரண்டு தானாக நின்றுவிடும். அதற்கென்று மூடிக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு விசை. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் பழம் கனிந்து குழைந்து வரும் மாதங்களில் நிமிடத்துக்கு நிமிடம் சிக்கும். ஒவ்வொரு தடவையும் திறந்து, சிக்கியதை எடுத்து, மூடி, பச்சைப் பொத்தானை அமுக்கி, அது முக்கி முனகி மறுபடி வேகம் பிடிப்பதற்குள் பின்னால் கூடைகள் குவிந்துவிடும். அதனால் எல்லா வரிசைகளிலும் ஒரு பழக்கம். கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சிவப்புப் பிளாஸ்டிக் கயிறு இருக்கிறதே, ரப்பியா கயிறு, அதில் ஒரு முழம் கிழித்து அந்த விசையை அமுக்கிக் கட்டிவிடுவது. அப்புறம் மூடியைத் திறந்தாலும் இயந்திரம் நிற்காது. மரக்குச்சியால் குத்தி எடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். யாருடைய மூளையில் முதலில் உதித்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்து போவார்.

எங்கள் வரிசையில் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. அக்கா, ரெங்கம் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், குள்ளம், கால் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் கிடைக்காமல் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு தொப் தொப்பென்று நடப்பார். காலையில் ஒவ்வொரு இயந்திரமாக வந்து மூடியைத் தூக்குவார், கயிறு இருந்தால் ஒரு வெட்டு, வெட்டிய கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். திட்டமாட்டார், எழுதிப் போடமாட்டார். மதியத்துக்குள் பாதிப் பேர் மறுபடி கட்டியிருப்போம். மறுபடி வருவார், மறுபடி வெட்டுவார். "கட்டுறது உங்க வேலை, வெட்டுறது என் வேலை. யாரு முதல்ல சலிச்சுப் போறாங்கன்னு பாப்போமா?" என்று சிரிப்பார். சாயங்காலம் அவர் பையிலிருந்து எடுத்துப் போடும் சிவப்புக் கயிற்றைப் பந்தாக உருட்டினால் பிள்ளைகள் விளையாடலாம். கடைசியில் சலித்துப் போனவர்கள் நாங்கள்தான். எங்கள் வரிசையில் கயிறு இல்லை என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயமாகிவிட்டது. "காலையில பத்து விரலோட வந்தீங்க, சாயந்தரம் பத்து விரலோட வீட்டுக்குப் போங்க, அது போதும் எனக்கு" என்பார். எங்களுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப் போன பேச்சு. பின்னால் நின்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்போம். நான்தான் நன்றாகச் சொல்லிக் காட்டுவேன்.

ஆறு வருடத்துக்கு முன், அந்த நாள், என் மகளுக்குப் பொந்தியான் டவுனில் கதை சொல்லும் போட்டி. அப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஒரே கதையை மூன்று வாரம் சொல்லிச் சொல்லி வீட்டுப் பல்லிக்குக்கூட அது மனப்பாடம். இரண்டு மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். அரை நாள் விடுப்புக்கு ஒரே நிபந்தனை, காலைப் பங்குக் கூடைகளை முடித்துவிட்டுப் போக வேண்டும். அன்றைக்கென்று வந்த பழம் எல்லாம் கூழ். பத்து மணிக்கு நான் பாதிகூடத் தாண்டவில்லை. கயிற்றைக் கிழித்தேன், கட்டினேன்.

அக்கா வந்தார். மூடியைத் தூக்கினார். கத்தரி வெளியே வந்தது. "அக்கா, இன்னிக்கு மட்டும் விட்டுருங்கக்கா. பாப்பா மேடையில நின்னு என்னைத்தான் தேடும். நான் இல்லேன்னா வாயே தொறக்காதுக்கா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடிப்பு இல்லை. அவர் என்னைப் பார்த்தார், குவிந்து கிடந்த கூடைகளைப் பார்த்தார். கையில் கத்தரி வாயைத் திறந்தபடி இருந்தது. "சரி. குச்சியாலதான் எடுக்கணும், கையை விட்டுறாத. போறப்ப மறக்காம அறுத்துட்டுப் போ. உன் எடத்துல வேற ஆளு வந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டார். வெட்டாமல் அது பைக்குத் திரும்பிப் போனதை என் ஒன்பது வருட வேலையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு முடித்தேன். ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கயிறு ஞாபகத்துக்கு வந்தது. ஐயோ என்று எழுந்தே விட்டேன். கைப்பேசி மடியில்தான் இருந்தது. அக்கா மத்தியானச் சுற்றில் எப்படியும் பார்த்து வெட்டிவிடுவார், அவருக்கா தெரியாது என்று மறுபடி உட்கார்ந்தேன். அப்புறம் மகளுக்கு ரிப்பன் எங்கே வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மறந்து போனேன் என்று யாரிடமாவது சொன்னால் அது பொய். மறந்தேன், பிறகு நினைத்தேன், நினைத்த பிறகும் சும்மா இருந்தேன். அக்காவோ, நான் அறுத்திருப்பேன் என்று நம்பி, லாரியில் வந்த பழத்தைப் பார்க்கப் போயிருந்தார்.

என் இடத்துக்கு வந்து நின்றது மக்சிக். நாங்கள் எல்லோரும் மக்சிக், மலாயில் அத்தை மாதிரி, என்றே கூப்பிடும் மலாய்க்காரப் பெண்மணி, பக்கத்துக் கம்பத்தில் குடியிருப்பவர், வயது ஐம்பதை ஒட்டி. பழம் பொறுக்கும் மேசையில் வேலை செய்கிறவர்; ஆள் குறைந்தால் இயந்திரத்துக்கு வருவார். பழம் சிக்கியது. மூடியைத் திறந்தார். சிக்கிய பழத்தில் மாட்டிக்கொண்டு கத்தி அசையாமல் நின்றது. நிற்கிற கத்தியைப் பார்த்தால் கரண்டு நின்றுவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தக் கூடத்துச் சத்தத்தில் எந்த இயந்திரம் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காதுக்குத் தெரியாது. கையை விட்டுப் பழத்தைப் பிடுங்கினார். பழம் வந்ததும் கத்தி துள்ளியது. வலது கையில் இரண்டு விரல், சுண்டுவிரலும் மோதிரவிரலும், போய்விட்டன. அந்த நேரத்தில் நான் பொந்தியான் மண்டபத்தில் கை தட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்கு மூன்றாம் பரிசு.

மறுநாள் அக்காவோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். பிளாஸ்க்கில் பால் எடுத்துப் போயிருந்தேன். அக்காவுக்கும் மக்சிக்குக்கும் இருபது வருடப் பழக்கம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு வரும். மக்சிக் எங்களைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் மலாயில் மெல்லத்தான் சொன்னார். வேறு வரிசையாக இருந்தால் நான் குச்சியைத்தான் எடுத்திருப்பேன். உன் வரிசை என்றுதான் கையை விட்டேன். அவ்வளவு சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா என்னைக் கை காட்டியிருக்கலாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். பால் பிளாஸ்க்கிலேயே திரும்பி வந்தது.

விசாரணை என்று ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று, அவர் என்னைக் கிழி கிழியென்று கிழிக்க வேண்டும். இல்லை, நீ சொல்லாதே, உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று அவர் வாயால் எனக்கு விடுதலை கொடுக்க வேண்டும். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு வரத் தயாராகத்தான் போனேன். அக்கா கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு நான் என்னக்கா சொல்லட்டும்?" என்றேன். ஒரு சட்டையை உதறிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். வெட்டாம விட்டது என் கை. அதை நான் சொல்லிக்கிறேன். கட்டினது உன் கை, அவுக்காம ஓடினது உன் காலு. அதை நீதான் பாத்துக்கணும்." கோபமே இல்லாத குரல். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன், வெட்கங்கெட்டவள்.

விசாரணை அறையில் குளிர்சாதனம் கை கால் நடுங்குகிற அளவுக்கு வைத்திருந்தார்கள். அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி தன்மையான மனிதர். சூப்பர்வைசர் வழக்கமாகக் கயிற்றை வெட்டுவாரா என்று கேட்டார். வெட்டுவார் என்றேன். அன்றைக்கு வெட்டினாரா? இல்லை. கயிற்றைக் கட்டுவது யார்? எல்லோரும் கட்டுவோம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு பொய்கூட இல்லை, பாருங்கள். அன்றைக்கு மட்டும் ஏன் வெட்டவில்லை என்று அவர் கேட்பார், கேட்டால் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பேனாவை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். நான் கெஞ்சினேன், அறுத்துவிட்டுப் போ என்று அவர் சொன்னார், நான் அறுக்கவில்லை. இந்த மூன்றையும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் அக்காவின் மேல் குற்றமே இல்லை என்று ஆகியிருக்காது. ஆனால் கண்டும் காணாமல் போனவர் என்ற பெயர் அவருக்கு வந்திருக்காது. கண்ட கயிற்றை விட்டேன் என்று அவர் ஒரே வரியில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன். பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் மனசை எப்படியோ பூசி மெழுகி இருந்திருப்பேன். நாலு மாதம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்த வரிசைக்கு நீதான் இனி சூப்பர்வைசர் என்றார். உன் மேல் ஒரு கரும்புள்ளி இல்லை என்று வேறு பாராட்டினார். அலமாக்! ஐயோ, எனக்கா? வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே? அதற்கு என்ன காரணம் சொல்வேன்? காரணத்தைச் சொன்னால் அடியோடு எல்லாம் வெளியே வரும். தலையை ஆட்டினேன். அக்காவின் அலமாரிச் சாவியைக் கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே இரண்டு ஜோடிக் காலுறை, இந்தக் கத்தரிக்கோல்.

அன்று முதல் வெட்டுகிறேன். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் இரண்டு சுற்று. பார்ப்பவர்கள் பழைய அக்காவைவிட இவள் கெட்டி என்கிறார்கள். மக்சிக்கை இப்போது லேபிள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்; டின்னில் ஒட்டும் படத்தாளை எண்ணி அடுக்கும் வேலை. கேண்டீனில் தினமும் என் எதிரில்தான் உட்காருவார். மூன்று விரலால் சோற்றைக் கூட்டி எடுப்பார், பருக்கை சிந்தும், சிந்தியதைப் பொறுக்கித் தட்டோரம் வைப்பார். நல்ல சூப்பர்வைசர் நீ, அவளை மாதிரி இல்லை என்று ஒரு நாள் என் கையைத் தட்டிச் சொன்னார். அக்காவின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை, அவள் என்றுதான் சொல்வார். அப்போதாவது சொன்னேனா? குழம்பு வேண்டுமா என்று கேட்டேன்.

போன மாதம் புதிதாக வந்த பெண் ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல், கிளினிக் மூடுவதற்குள் போக வேண்டும் என்று கையைப் பிடித்தாள். "அக்கா, இன்னிக்கு மட்டும் லா." வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னதுதான். வெட்டினேன். "ஒங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒன்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே கூடையை இழுத்தாள். கயிற்றை வெட்டியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்று நாலு கூடையை நான் தள்ளிக் கொடுத்திருக்கலாமே! அன்றைக்கு அக்காகூட எனக்கு அப்படிச் செய்திருக்கலாம். வெட்டுவதா விடுவதா என்ற இரண்டைத் தவிர வேறு வழி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா வெட்டியது எங்கள் விரலுக்காக. நான் வெட்டுவது எனக்குப் பயந்து. அன்று வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பரிசுக் கிண்ணத்தை ஏன் துணியால் துடைக்கவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். தூசி அடைந்து கிடக்கட்டும் என்றேன். முறைத்துப் பார்த்தாள்.

அக்கா இப்போது பொந்தியான் சாலையோரம் பழக்கடை வைத்திருக்கிறார். ஆறு வருடம் தொழிற்சாலை பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் குனிந்து பைக்குள் எதையோ தேடுகிறவள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஊர் பஸ்ஸில் போய் அங்கே இறங்கிவிட்டேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வா, எளைச்சுப் போயிட்டியே" என்றார். இரண்டு பழம் எடுத்து, காம்போடு சேர்த்துக் கட்டினார். சிவப்பு ரப்பியா கயிறு. கட்டி முடித்துக் கத்தியைத் தேடினார், கைக்குத் தட்டுப்படவில்லை. நான் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். வாங்கினார். பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். கயிற்றை வெட்டினார்.

"அக்கா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்கா" என்றேன். ஆறு வருடமாகத் தொண்டையில் கிடந்தது, அந்தச் சாலையோரத்தில், லாரி போகிற சத்தத்தில் வெளியே வந்தது. பரவாயில்லை விடு என்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அக்கா என் முகத்தை நேராகப் பார்த்து, "ஆமா. சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். நான் அழுதேன். அழுது முடிக்கும் வரை பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கிட்ட வந்து சொல்லி என்னா? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க அங்க ஃபேக்டரிக்குள்ள இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு" என்றார். கத்தரிக்கோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "எனக்கு எதுக்கு? கயிறு அங்கதானே கட்டுறாங்க" என்று என் பையைத் திறந்து அவரே உள்ளே போட்டார்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வேலை நாள் போய்விட்டது. இருபத்து மூன்று தடவை மக்சிக்கின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பேச வாய் வரவில்லை, எழுதினாலாவது வரும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள், எழுத்து எனக்கு ஓடும். ஓடிவிட்டது. எதையும் மறைக்கவில்லை, விசாரணையில் சொல்லாமல் விட்ட மூன்று வரியும் மேலே இருக்கிறது. கத்தரிக்கோல் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி பைக்குப் போகும். யார் வேண்டுமானாலும் இதைப் படித்துக்கொள்ளட்டும். மக்சிக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத உட்காரும்போதே அது எனக்குத் தெரியும்.